நான்காம் சாக்கெட்

மார்ச் 2001. திங்கட்கிழமை, காலை 9.10.

பெங்களூருக்கு வெளியே ஒரு கன்டெய்னர் டிப்போ. நான்காம் சாக்கெட்டில் செருகியிருக்க வேண்டிய பிளக் தரையில் கிடந்தது. அந்த பிளக்குக்குரிய குளிர்ப்பெட்டி ஒரு குளிரூட்டும் கன்டெய்னர்; அதற்குள் இருந்தது குழந்தைகளுக்கான தடுப்பூசி மருந்து. நான்கு டிகிரியில் இருக்க வேண்டியது பதினான்கில் இருந்தது. கஸ்டம்ஸ் இன்ஸ்பெக்டர் தாரணி வெப்பமானியை இரண்டு தடவை பார்த்தாள். மருந்து முழுவதையும் அழிக்க வேண்டியதுதான்.

யார் செய்தது என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. எலெக்ட்ரீஷியன் ஆதிகேசவன் தானாகவே வந்து தலை குனிந்து நின்றார்.

"நான்தான் மேடம் மறந்துட்டிருப்பேன். நேத்து மூணு மணிக்கு கரென்ட் போச்சு. ஜெனரேட்டர் போடறதுக்கு முன்னாடி ஆறு பிளக்கையும் புடுங்கினேன். திரும்ப செருகறப்போ இதை உட்டுட்டேன் போல."

"போலன்னா? ஞாபகம் இருக்கா, இல்லையா?"

"ஆறையும் செருகின மாதிரிதான் இருக்குது. ஆனா பேப்பர் வேற சொல்லுதே."

பேப்பர் என்றது பெட்டியின் இயந்திரம் தானே எழுதி வைக்கும் குறிப்பு. யார்டு சூப்பர்வைசர் ஸ்ரீகண்டன் அதை அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். கடைசி வரி: ஞாயிறு 15.00, மின்சாரம் நின்றது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

ஆதிகேசவன் பதினோரு வருடமாகக் கான்ட்ராக்ட் ஆள். தாரணியின் மேலதிகாரி, சூப்பரின்டென்டென்ட் ரெமிஜியஸ், பன்னிரண்டு மணிக்கு அறிக்கையில் கையெழுத்துப் போட்டால் இந்த வேலை போகும், வேறெந்த டிப்போவும் அவரை உள்ளே விடாது. அல்சூரில் அவர் வீட்டில் சம்பாதிப்பது அவர் ஒருவர்தான்.

குற்றத்தை ஒருவர் ஒப்புக்கொண்டுவிட்டால் மற்றவர்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள். தாரணிக்கு அந்த நல்ல பழக்கம் கிடையாது.

10.15. அவள் அந்தக் குறிப்பை முதல் வரியிலிருந்து படித்தாள். சனிக்கிழமை 5.30க்கு உள்வெப்பம் திடீரென்று ஏறி, அரை மணியில் இறங்கியிருந்தது. ஞாயிறு 9.30க்கு மின்சாரம் நின்று, 9.45க்கு வந்திருந்தது. ஸ்ரீகண்டனைக் கூப்பிட்டாள்.

"சனிக்கிழமை விடியக்காலை இந்தப் பெட்டியை யார் திறந்தது?"

"யாரும் இல்ல மேடம். கேட்டே ஏழு மணிக்குத்தான் திறப்போம். நீங்க பதினோரு மணிக்குத் திறந்து சாம்பிள் எடுத்தீங்க. அஷ்டே, அவ்வளவுதான்."

"ஞாயிறு காலையில கரென்ட் போச்சா?"

"இல்லையே. அன்னிக்குப் பூரா ஒரே தடவைதான். மத்தியானம் மூணு மணிக்கு, கால் மணி நேரம்."

"ஆதிகேசவன் எப்போ வீட்டுக்குப் போனார்?"

"ஆறு மணிக்கு. அப்புறம் காலை வரைக்கும் யார்டுல நான் மட்டும்தான்."

11.05. கேட் பதிவேட்டில் ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் ஒரே ஒரு வரவு இருந்தது. இரவு 8.10, தேவனஹள்ளித் திராட்சை, ஒரு குளிர்ப்பெட்டி. அது வெளியே போனது திங்கள் காலை 8.40க்கு. அந்த இரவு யார்டின் ஆறு சாக்கெட்டிலும் ஏற்கெனவே பெட்டிகள் இருந்தன.

11.40. ரெமிஜியஸ் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். ஸ்ரீகண்டனும் ஆதிகேசவனும் சுவரோரம் நின்றார்கள்.

"சார், கையெழுத்துப் போடாதீங்க," என்றாள் தாரணி. "இந்தப் பெட்டியோட கடிகாரம் நம்ம ஊர் நேரம் காட்டல. கப்பல்காரங்க அதை கிரீன்விச் நேரத்துல வெச்சிருக்காங்க. நமக்கு அஞ்சரை மணி நேரம் பின்னாடி."

"எப்படிச் சொல்றீங்கம்மா?"

"சனிக்கிழமை கதவைத் திறந்தது நான், பதினோரு மணிக்கு. பேப்பர்ல அது அஞ்சரைன்னு இருக்கு. நாம எல்லாரும் கடைசி வரியை மட்டும் பார்த்தோம். மூணு மணிக்கு கரென்ட் போனதால அது பொருத்தமா வேற இருந்துச்சு."

ரெமிஜியஸ் விரல் விட்டு எண்ணினார். "அப்போ பதினஞ்சு மணிங்கறது..."

"ராத்திரி எட்டரை. எட்டு பத்துக்குத் திராட்சை உள்ள வருது. சாக்கெட் காலி இல்ல. யார்டுல இருந்தது ஒருத்தர்தான். மருந்துப் பெட்டியைப் புடுங்கிட்டுத் திராட்சையைச் செருகினது நீங்கதானே, ஸ்ரீகண்டன்?"

ஸ்ரீகண்டன் மெல்லச் சொன்னார்:

"என் மச்சான் தோட்டத்துத் திராட்சை மேடம். பெட்டிக்கு வழியில கரென்ட் குடுக்கற ஜென்செட் இல்லாத லாரி. விட்டிருந்தா விடியறதுக்குள்ள எல்லாம் போயிருக்கும். மருந்துப் பெட்டி ஒரு ராத்திரி சில்லுன்னு தாங்கும்னு நெனச்சேன். காலையில லாரியை அனுப்பிட்டு வந்து திரும்பச் செருகறதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க."

"அதுகூடத் தப்புக் கணக்குன்னு விட்டுடலாம். பேப்பர்ல மூணு மணின்னு பார்த்ததும் வாயை மூடிக்கிட்டீங்களே, அதுதான் எனக்கு ஆறல."

தாரணி தாளை ஆதிகேசவனிடம் நீட்டினாள்.

"இங்க பாருங்க அண்ணே. ஒன்பதரைன்னு போட்டிருக்கறதுதான் உங்க மூணு மணி. கால் மணி நேரத்துல திரும்பச் செருகியிருக்கீங்க. நீங்க எதையும் மறக்கல."

ஆதிகேசவன் அந்த வரியை வெகுநேரம் பார்த்தார். காலையிலிருந்து தன் கைகளையே நம்பாமல் நின்றவர் அவர். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்ரீகண்டன் பக்கம் திரும்பினார். திட்டப்போகிறார் என்றுதான் மற்ற இருவரும் நினைத்தார்கள்.

"எட்டரைக்கு எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே சார். வந்து, ஜெனரேட்டர்லேர்ந்து இன்னொரு லைன் இழுத்துக் குடுத்திருப்பேனே. அரை மணி வேலை."