இரண்டு முழக் கப்பல்

ஒல்லாந்துக் கம்பெனியின் நூற்றெழுபது வருடக் கடலாட்சியில், பழவேற்காட்டுக் கோட்டைக்குள் புகுந்து ஒரு கப்பலைக் கொண்டுபோகிறவன் இன்னும் தாய் வயிற்றில் பிறக்கவில்லை என்று துரைக்கு மொழிபெயர்க்கும் துபாஷ் சுப்பராயலு ஊருக்கெல்லாம் சொல்வார். 1774ஆம் வருடம், மாசி மாதத்து வியாழக்கிழமை, காலை ஏழு மணிக்குக் கோட்டைக்குள்ளிருந்து ஒரு கப்பல் காணாமல் போயிருந்தது.

நீளம் இரண்டு முழம்.

அம்ஸ்டர்டாமிலிருந்து பெட்டியில் வந்த கப்பல் அது. பெட்டிக்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு மரத்துண்டுகள், ஒவ்வொன்றிலும் ஓர் எண். எந்தத் துண்டு எங்கே போகும் என்று காட்டத் தடித்த படப் புத்தகம் ஒன்று. கொடி, ஜன்னல், சிங்கம் எல்லாம் அச்சடித்த வண்ணப் படத்தாள் ஒன்று. நிஜக் கப்பலில் நாலடி இருப்பது இதில் ஓர் அங்குலம். கோட்டைத் தலைவர் கொர்னேலிஸ் துரை ஒன்றரை வருடமாக இதைக் கட்டினார். கட்டினார் என்றால், புத்தகத்தைப் படித்துச் சொன்னார். செதுக்கி ஒட்டியதும், பாய்மரத்துக்குக் கயிறு முடிந்ததும் கோட்டைத் தச்சன் நாகப்பன்.

தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போய் எண்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. பழவேற்காட்டில் மிச்சம் இருந்தவை கல்லறைகள், வெயில், துரை. நாகப்பட்டினத்துப் பெரிய துரைக்கு இந்தச் சின்னக் கப்பலைப் பரிசாக அனுப்பினால் தம்மை யாராவது நினைத்துக்கொள்வார்கள் என்று அவர் நம்பினார். கொண்டுபோக வேண்டிய நிஜக் கப்பல் முகத்துவாரத்துக்கு வெளியே நங்கூரம் போட்டிருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குப் புறப்பாடு.

காலை எட்டு மணி. இறால் கூடையோடு கோட்டைச் சமையற்கட்டுக்குள் நுழைந்த பச்சையம்மாவிடம் சமையற்காரன் வேதாசலம் முதலில் சொன்னது இறாலைப் பற்றி இல்லை.

“யக்கா, உன் தம்பியப் புடிச்சிக் கட்டி வெச்சிட்டாங்க.”

“எவன் கட்னான்? இன்னாத்துக்கு?”

“பொம்மைக் கப்பலக் காணோம். பூட்டு ஒடையல. சாவி ரெண்டே ரெண்டு. ஒண்ணு தொரைகிட்ட, ஒண்ணு நாகப்பன் அரணாக்கயித்துல. துபாஷுக்குக் கணக்கு முடிஞ்சிபோச்சி. சாயங்காலம் கப்பல்ல ஏத்தி அனுப்புறாராம்.”

பச்சையம்மா கூடையை இறக்கி வைத்தாள். நாகப்பட்டினத்துக்கு விசாரணைக்குப் போனவர்கள் சிலர் அங்கிருந்து கடல் தாண்டிப் பத்தாவியாவுக்குப் போனார்கள். பத்தாவியாவிலிருந்து திரும்பியவன் முகத்தை ஏரியோரத்தில் யாரும் பார்த்ததில்லை.

“தொரை இன்னா சொல்றாரு?”

“காலையில ரூமைத் தொறந்து நின்னாரு. ‘கப்பல் போச்சு’ன்னாரு. அப்பறம் காய்ச்சல்னு கதவ சாத்திக்கினாரு. மஞ்சப் பத்து அரைச்சிக் கேட்டாரு. கஞ்சியக் குடுத்தேன், நின்னுக்கினே குடிச்சாரு. ரூமுல மூணு நாற்காலி கெடக்குது!”

“வேர்த்துதா?”

“சட்டையத் தோய்க்கப் போட்டாரு, கீழ்ப்பாதி பூரா ஈரம். கால்சட்டை காஞ்சிதான் கெடந்துச்சி.”

இடுப்புக்குக் கீழே மட்டும் வேர்க்கிற காய்ச்சலைப் பச்சையம்மா பார்த்ததில்லை. கேட்டு வைத்துக்கொண்டாள். பேச்சு குறைவான பெண் அவள். ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிற வேலையில் இறால் போட்டுவைக்கும் ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டே நாள் போகும். வாயைத் திறந்தால் அன்றைய பிடி போய்விடும்.

எட்டரை மணி. முற்றத்தில் பீரங்கிச் சக்கரத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டுக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான் நாகப்பன்.

“யக்கா, நான் எடுக்கல.”

“தெரியும். ராத்திரி பூட்டும்போது வேலை முடிஞ்சிருந்துதா?”

“முடிஞ்சிபோச்சி. பின்பக்கத்து ரெண்டு சிங்கத்தையும் நேத்துதான் ஒட்டினேன். மெருகெண்ணெய் மட்டும் பூசல.”

“பூசலன்னா இன்னா?”

“அந்தப் படத்தாளத் தண்ணியில ஊறப்போட்டா படம் மட்டும் வழுக்கிக்கினு வரும். எங்க வெக்கிறமோ அங்கயே புடிச்சிக்கும், காஞ்சா வுடாது. என் கட்டவெரல்ல ஒரு ஜன்னல் எட்டு நாளு இருந்திச்சி. எண்ணெ பூசறதுக்கு முன்னாடி நனைஞ்சா மறுபடியும் வழுக்கும்.”

பச்சையம்மா குனிந்து அவன் உள்ளங்காலிரண்டையும் பார்த்தாள். மரத்தூள் படிந்து, வெடிப்போடு, கீறல் இல்லாமல் இருந்தன.

“காலப் பாத்து ஜோசியமா?” என்ற குரல் பின்னாலிருந்து வந்தது. ஜரிகைத் தலைப்பாகையோடு சுப்பராயலு. “இது வெறும் களவுன்னு நெனைக்கிறியா? படைக்கொட்டில்ல துப்பாக்கிக் குண்டு நாப்பதைக் காணோம்! கப்பல் ஒண்ணு, குண்டு நாப்பது. இது கலகம்! நாகப்பட்டினத்துக்கு மூணு பக்கம் எழுதிட்டேன்.”

“சாமி, குண்டு இருக்குது. துப்பாக்கி காணாமப் போச்சா?”

“இல்ல.”

“அப்ப எதை வெச்சிச் சுடுவான்?”

சுப்பராயலு அந்தக் கேள்வியைத் தம் தகுதிக்குக் கீழானதாகக் கருதி விட்டுவிட்டார். “தொரைகிட்ட சொல்லியாச்சா சாமி, இவனைக் கட்டினதை?” என்று அவள் கேட்டாள்.

“மகாபிரபு துக்கத்துல இருக்கார். நின்னபடியே உண்கிறார். அரச துக்கம் அப்படித்தான். இந்தச் சில்லறை விஷயத்துக்கெல்லாம் கதவைத் தட்ட முடியுமா? வா, குற்றம் நடந்த எடத்தைக் காட்டறேன். பார்த்துட்டுப் போய் ஊர்ல சொல்லு.”

காட்டினார். ஜன்னலில் கம்பி, பழுதில்லாத பூட்டு, காலியான மரத்தாங்கி. மேசைமேல் படப் புத்தகம் விரித்துக் கிடந்தது, பக்கம் புரளாமல் மைக்கூட்டை வைத்திருந்தார்கள். பச்சையம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் படத்தில் கப்பலின் வயிற்றை அறுத்துக்கொண்டு நெளிநெளியாகப் போன கோடு தண்ணீர் என்று தெரிந்தது. கப்பலுக்குள்ளே, அடியில், உருண்டை உருண்டையாக ஏதோ வரைந்திருந்தது.

“இன்னா பார்க்கிறே?”

“ஒண்ணுமில்ல சாமி. அழகாருக்குது.”

ஒன்பது மணி. ஏரிப்பக்கத்துச் சின்னக் கதவான திட்டிவாசல் வழியாக அவள் வெளியேறினாள். கடைசிப் படியில் புளியங்கொட்டை அளவுக்குக் காய்ந்த ரத்தம். படிக்கு எதிரே, முழங்கால் ஆழத்தில் சிப்பிப் பாறை. விடியற்காலையில் ஏரித் தண்ணீர் முகத்துவாரத்தை நோக்கி வடிந்திருக்கும். அவள் முகத்துவாரம் இருக்கும் தெற்குப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு பறியைக் கொண்டுவர வீட்டுக்குப் போனாள்.

பத்து மணிக்கு அவளும் இன்னும் நாலு பெண்களும் வரிசையாகத் தண்ணீரில் உட்கார்ந்து சேற்றைத் தடவ ஆரம்பித்தார்கள். ஐந்து பேர் வாயிலும் பறிக் கயிறு. கோட்டை மதில்மேல் நின்ற காவற்காரனுக்கு அது தினமும் பார்க்கிற காட்சி. இறால் நழுவும், நண்டு கடிக்கும், கல் சும்மா இருக்கும். இரண்டு மணிக்குச் சிப்பிப் பாறைக்குத் தெற்கே, சேற்றுக்குள், பச்சையம்மாவின் விரலில் முடிச்சு ஒன்று பட்டது. தம்பி போடும் முடிச்சு. ஐந்து வயதில் அவள்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

மாலை நாலு மணி. முற்றத்தில் கப்பலின் கப்பித்தான், சுப்பராயலு, காவற்காரர்கள், கட்டுப்பட்ட நாகப்பன். சுப்பராயலு தம் மூன்று பக்கத்தில் இரண்டாம் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது பச்சையம்மா சேறு சொட்ட வந்து கப்பலைத் தரையில் வைத்தாள்.

“பார்த்தீங்களா! கூட்டாளி!” என்றார் சுப்பராயலு.

“சாமி, அப்பறமா என்னையும் கட்டு. மொதல்ல கேளு.” அவள் கப்பலைச் சாய்த்தாள். இடது பக்கத்து மூலையில் குண்டுகள் கடகடவென்றன. “உன் கலகம் இதுக்குள்ள கெடக்குது. தோணியில எடைக்குக் கல்லு வெப்போம். மண்ணுல பொதைச்சி, மூட்டையாக் கட்டி, அசையாம அடைப்போம். இது சும்மா கொட்டி வெச்சது. ஒரு பக்கம் சாஞ்சா நாப்பதும் அந்தப் பக்கம் ஓடும், கப்பல் கவுந்துபோவும். என் தம்பி தச்சன். ஏரியில பொறந்தவன். இதச் செய்யமாட்டான்.”

கப்பித்தானுக்குத் தமிழ் அரைகுறை. ஆனால் குண்டு உருண்ட சத்தம் எல்லா பாஷையிலும் புரிகிற சத்தம். அவர் தலையசைத்தார்.

“புத்தகத்துல உருண்ட குண்டுதான் வரைஞ்சிருக்குது. அதப் பாத்துச் செஞ்சவரு செஞ்சது. விடியக்காலையில திட்டிவாசல் வழியா எறங்கியிருக்காரு. ஏரியில நாங்க காலத் தூக்கி வெக்கமாட்டோம் சாமி, இழுத்துக்கினே போவோம். தூக்கி வெச்சா திருக்கை அடிக்கும், சிப்பி அறுக்கும். படியில ரத்தம் இருக்குது. தம்பி காலப் பாரு, ஒரு கீறல் இல்ல. உன் காலக் காட்டு.”

“என் காலையா? நான் துபாஷ்!”

“காட்டு சாமி.”

கப்பித்தான் சிரித்துக்கொண்டே ஜாடை காட்ட, சுப்பராயலு செருப்பைக் கழற்றினார். வெள்ளையாக, மெத்தென்று, குற்றமற்ற கால்.

“மிச்சம் ஒரு சாவிதான். ஒரு ஆளுதான். இன்னிக்கு மஞ்சப் பத்து கேட்டவரு.”

“அடிப்பாவி, தொரையையா சொல்ற!”

கதவு திறந்தது. கொர்னேலிஸ் துரை சுவரைப் பிடித்தபடி வந்தார், காலிரண்டிலும் துணி சுற்றி. ஐம்பத்தெட்டு வயது. பொய்மயிர் இல்லாத தலையில் சொந்த மயிர் நாலைந்துதான். சேறு படிந்து கிடந்த கப்பலைப் பார்த்துவிட்டு அவர் யாரையும் பார்க்கவில்லை.

“நான்தான்,” என்றார் தமிழிலேயே. “புத்தகத்திலே மிதக்குது. நிஜமா மிதக்குமா, பாக்கணும். அனுப்பிட்டா பாக்க முடியாது. பதினோரு வருஷம் இங்கே. எல்லாக் கப்பலும் தூரத்திலே போகுது. ஒண்ணு பக்கத்திலே போகணும்.”

“மிதந்துதா தொரை?” என்று கேட்டான் நாகப்பன்.

“மிதந்தது!” துரையின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. “பத்தடி. கொடி ஆடிச்சு.” அப்போதுதான் அவன் கட்டுண்டிருப்பதைக் கண்டார். “உன்னை... யார் கட்டினது?”

சுப்பராயலு மூன்று பக்கத்தையும் நாலாக மடித்தார். “நான் போச்சுன்னு சொன்னேன். திருடுன்னு சொல்லல,” என்று துரை அவரிடம் சொன்னார். குரல் உயரவில்லை. பிறகு தாமே குனிந்து கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு அவருக்கு வசப்படவில்லை.

“இந்தப் பக்கம் தள்ளுங்க தொரை. இல்ல, அந்த நுனி. ஆங்,” என்று கட்டுக்குள்ளிருந்தே சொல்லிக்கொடுத்தான் நாகப்பன்.

கட்டு விழுந்தது. பச்சையம்மா தம்பியின் மணிக்கட்டைத் தேய்த்துவிட்டாள். துரை அவளிடம் மன்னிப்புக் கேட்டார், நாகப்பனிடமும். பரிசு வேறு கப்பலில் வரலாம் என்று கப்பித்தான் பெருந்தன்மையாகச் சொல்லி, நாற்காலி ஒன்றைத் துரைப்பக்கம் இழுத்துப் போட்டார்.

“வேண்டாம்,” என்றார் துரை அவசரமாக. “நிக்கிறேன்.”

பச்சையம்மா கப்பலைப் பார்த்தாள். ஏரியில் அன்று அலையே இல்லை. ஆனால் மூன்று பாய்மரமும் மேலிருந்து ஏதோ பெரிய பாரம் இறங்கியதுபோல் ஒன்றாக மடங்கியிருந்தன. நாற்காலியைப் பார்த்தாள். துரையைப் பார்த்தாள். பறிக் கயிற்றைக் கடிப்பதுபோல் உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

“யக்கா, பின்னாடி ரெண்டு சிங்கம் ஒட்டினேன். ஒண்ணுதான் இருக்குது,” என்றான் நாகப்பன்.

“ஏரியில போயிருக்கும். வா, வூட்டுக்குப் போலாம்.”

ஐந்து மணிக்குக் கப்பல் புறப்பட்டது, நாகப்பன் இல்லாமல். சுப்பராயலு புதிதாக ஒரு பக்கம் எழுதி அனுப்பினார்: துரையவர்கள் நடத்திய கடல்சார் சோதனை ஒன்றில் கம்பெனியின் சிங்கங்களுள் ஒன்று கடமையிலேயே நீரில் மறைந்தது.

ஆறரை மணிக்கு வேதாசலம் துரைக்கு வெந்நீர் ஊற்றினான். சிங்கம் அவருடைய இடது பிட்டத்தில் இருந்தது.