எட்டு நிமிடக் கோபுரம்!

டெலிபோன் அலறியது.

காலை ஏழே கால். ஏழு மாதக் கர்ப்பிணியான பிரிஜட், வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து ரிசீவரை எடுத்தாள்.

"ஹலோ..."

"உன் புருஷன்கிட்ட சொல்லு..." கைக்குட்டையால் மூடிய குரல். "இன்னிக்கு அந்த டவர்ல ஏறினா உயிரோட இறங்க மாட்டான். என் வெல்டிங்கை நேத்து எல்லார் முன்னாடியும் குறை சொன்னான் இல்ல... அதே வெல்டிங்தான் அவனுக்கு எமன்!"

டக்.

"என்னங்க...! ஏறாதீங்க! மாதா மேல ஆணை, ஏறாதீங்க!"

ஆம்ப்ரோஸ் சட்டைப் பட்டனைப் போட்டபடி அப்படியே நின்றான்.

மூன்று வருடம் அவன் கண்விழித்து வரைந்த டிசைன் அது. மடித்தால் ஒரே லாரியில் அடங்கும். இறக்கினால் எட்டே நிமிடத்தில் முப்பது அடிக் கண்காணிப்புக் கோபுரம்! குழி தோண்ட வேண்டாம். சிமெண்ட் வேண்டாம். நான்கு காலுக்கும் நான்கு பெரிய ட்ரம். போகிற இடத்தில் தண்ணீர் நிரப்பினால், அந்தக் கனமே கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். தீபாவளிக் கூட்டத்தில் பிக்பாக்கெட்டுகளை நோட்டம் பார்க்க போலீஸ் வாங்குவதாக இருக்கிறது... இன்று மதியம் மூன்று மணிச் சோதனையில் தேறினால்!

"நானே ஏறலைன்னா போலீஸ்காரன் எப்படி நம்பி ஏறுவான், பிரிஜட்?"

"இந்தப் பிள்ளை பொறந்து அப்பா எங்கேன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

அவன் கடைசிப் பட்டனையும் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னாலிருந்த திடல்.

ஆம்ப்ரோஸ் ஒவ்வொரு வெல்டிங்காகச் சுத்தியலால் தட்டிப் பார்த்தான். டங்... டங்... எல்லாம் கெட்டி.

"அந்த வெல்டர் சாகுல் ஹமீதுதான் லா!" என்றான் மருதப்பன், போன் விஷயத்தைக் கேட்டதும். ஆம்ப்ரோஸின் பார்ட்னர். ஒரே ஸ்கூல், ஒரே பெஞ்ச். "நேத்து நீ திட்டினதுக்குப் பழி வாங்கறான். டவரைச் சோதிக்க வந்திருக்கிற இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லு!"

சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் வேலாயுதம் வெல்டரை முறைத்தார்.

சாகுல் ஹமீதின் கண்கள் சிவந்தன. "சார், எனக்குக் கோபம் வந்தா மூஞ்சிக்கு நேரா கத்துவேன். கைக்குட்டைக்குள்ள பேசற ஜாதி நான் இல்ல! இருபது வருஷமா ஜூரோங்ல கப்பலுக்கு வெல்டிங் வெச்சவன். நானும் கூட ஏறறேன்! விழுந்தா ரெண்டு பேரும் விழுவோம்!"

பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பது சும்மாவா?

பின்பக்க இரண்டு ட்ரம்களும் மைமூனக்காவின் சரபத் கடையை ஒட்டி இருந்தன. இரண்டின் வாயிலும் துணி அடைத்திருந்தது.

"என்னக்கா இது துணி?"

"கொசுவுக்குத்தான்! தண்ணி நிரப்பி வெச்சிட்டு நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்க. போன வாரம் கொசு ஆபீசர் வந்து, ட்ரம்ல புழு இருந்தா ஃபைன்னு என்னைய வாங்கு வாங்குன்னு வாங்கிட்டான். நானா வெச்சேன் ட்ரம்மு?"

ஆம்ப்ரோஸ் சிரித்துவிட்டு நகர்ந்தான். அவன் கவலையெல்லாம் வெல்டிங் மேலேயே இருந்தது.

அதைத்தானே அந்தக் குரலும் விரும்பியது!

மதியம் பன்னிரண்டரை. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். ஒரு கை மட்டும் போகவில்லை.

அந்தக் கை பின்பக்க ட்ரம்களின் அடியிலிருந்த குழாய்களைத் திறந்தது. தண்ணீர் சாக்கடைக்குள் சளசளவென்று ஓடியது. தூரத்தில் மைமூனக்காவின் செருப்புச் சத்தம்... கை மறைந்தது.

பின்பக்கக் கனம் போனால், மேலே நிற்பவன் முன்னால் சாய்ந்த கணமே கோபுரம் குப்புற விழும்!

மணி மூன்று.

கோபுரம் எழும்பியது. ஏழு நிமிடம் ஐம்பது விநாடி!

ஆம்ப்ரோஸ் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு ஏறினான். பின்னாலேயே சாகுல் ஹமீது, "பிஸ்மில்லா" என்றபடி. முன்பக்கம் நாற்காலியில் இன்ஸ்பெக்டர். வர வேண்டாம் என்று சொல்லியும் வந்திருந்த பிரிஜட், ஜெபமாலையை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

காற்று வீசியது. இரும்பு கிறீச்சிட்டது.

"ரெண்டு பேரும் முன்னாடி வந்து கம்பியில நல்லா சாய்ஞ்சு நில்லுங்க!" பின்பக்கத்திலிருந்து மருதப்பன் கத்தினான். "ஸ்ட்ராங்னு காட்டணும்ல!"

சாய்ந்தார்கள்.

பிரிஜட் கண்களை மூடிக்கொண்டாள்.

ஒரு விநாடி... இரண்டு... மூன்று...

"ஐயோ!"

அலறல் மேலிருந்து வரவில்லை. பின்னாலிருந்து!

இன்ஸ்பெக்டர் பாய்ந்து ஓடினார். மருதப்பன் பின்பக்க ட்ரம் அருகே காலைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் குதித்துக்கொண்டிருந்தான். ட்ரம்மை ஓங்கி உதைத்திருக்கிறான். கட்டை விரல் போயே போச்சு!

"எப்படி நிக்குது...? தண்ணிதான் எல்லாம் போயிருச்சே!" வலியில் உளறினான்.

"போயிருச்சா?" வேலாயுதத்தின் குரல் தணிந்தது. "அது உனக்கு எப்படித் தெரியும்?"

அப்புறம்தான் உறைத்தது அவனுக்கு. இன்ஸ்பெக்டர் கை அதற்குள் அவன் காலரில்!

"ட்ரம்ல தண்ணி நிரப்பற ஐடியா என்னோடது!" மருதப்பன் வெடித்தான். "பேப்பர்ல வந்தது அவன் பேரு! அந்தப் பேரோட அவனும் விழணும்! பழி ஹமீது மேல போகட்டும்னுதான் போன் பண்ணேன்!"

இறங்கி வந்திருந்த ஆம்ப்ரோஸ் அவன் எதிரே போய் நின்றான். "வாயைத் திறந்து கேட்டிருந்தா உன் பேரைத்தான் முதல்ல போட்டிருப்பேன்டா..."

மருதப்பன் தலை குனிந்தான்.

பிரிஜட் ஓடி வந்து கணவன் மேல் சாய்ந்து அழுதாள். அழுகையினூடே சாகுல் ஹமீதைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

எல்லாம் சரி. ஆனால் கோபுரம் எப்படி நின்றது?

இன்ஸ்பெக்டர் ட்ரம் வாயிலிருந்த துணியைப் பிடுங்கி விரலை விட்டார்.

விரலில் ஈர மணல்! ஓடிப்போனது மணலுக்குள் ஊறியிருந்த தண்ணீர் மட்டும்தான்.

மைமூனக்கா 'ஓ'வென்று அழ ஆரம்பித்தாள். "ஃபைனுக்குப் பயந்து பண்ணிட்டேன் சார்! மணல்ல கொசு முட்டை வெக்காதுல்ல? அந்தா, அடுக்குவீடு கட்டறாங்கல்ல... அங்கேருந்துதான் நாலு நாளா பால் டின்னுல அள்ளி அள்ளிக் கொட்டினேன். தண்ணியெல்லாம் வழிஞ்சு என் கடையே சேறு! கேக்காம எடுத்தது திருட்டுதான்... என்னையும் பிடிச்சுட்டுப் போயிருவீங்களா சார்?"

வேலாயுதம் கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தார். மீசைக்குள் சிரித்தார்.

"மணல் திருட்டா? நான் பார்க்கலையேம்மா... அப்ப இங்க நோட்டம் பார்க்க டவரே நிறுத்தலையே!"