மிளகும் தும்மத் தொடங்கியது

அந்த வீட்டில் இரண்டு முயல்கள் இருந்தன. கறுப்பாக இருந்ததற்குப் பெயர் மிளகு. பழுப்பாக, கொஞ்சம் சின்னதாக இருந்ததற்குப் பெயர் கடுகு. பெயர் வைத்தவள் சில்லு.

சில்லுவுக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் பள்ளியில் ஆசிரியர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரைக் கூப்பிடுகிறார் என்று அவளே ஒரு நொடி திரும்பிப் பார்ப்பாள். அவள் அப்பா தச்சர். வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகைதான் அவருடைய பட்டறை. நடக்கப் பழகிய நாளிலிருந்து அங்கே விழுகிற மரச் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டு திரிந்ததால் அவள் சில்லு ஆகிவிட்டாள்.

முயல்களுக்குக் கூடு செய்தவர் அப்பா. பட்டறையின் ஒரு மூலையில், மழை படாத இடமாகப் பார்த்து வைத்திருந்தார். தினமும் சாயங்காலம் வேலை முடிந்ததும், அன்று அறுத்த மரத்தின் தூளை ஒரு கூடையில் அள்ளிவந்து கூட்டுக்குள் பரப்புவார்.

"பசங்களுக்கு மெத்தை போட்டாச்சு" என்பார். ராஜா வீட்டு முயலுக்குக்கூட இப்படித் தினம் ஒரு புது மெத்தை கிடைத்திருக்காது.

ஒருநாள் கடுகு தும்மியது. பொம்மை தும்முவதைப்போலச் சின்னத் தும்மல். சில்லுவின் தம்பி வாண்டு கைகொட்டிச் சிரித்தான்.

"அக்கா, தும்ம வேண்டியது மிளகு. தும்முறது கடுகு" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். சில்லுவும் சிரித்தாள். பிறகு பல நாள் அதை நினைத்து நினைத்து அவள் வருந்தினாள்.

கடுகின் முன்னங்கால்கள் எப்போதும் ஈரமாக இருந்தன. உள்பக்கத்து முடி பிசுபிசுவென்று ஒட்டிக் கிடந்தது. தண்ணீர்க் கிண்ணத்தில் விளையாடுகிறது என்று நினைத்தார்கள். ஒழுகுகிற மூக்கை அது முன்னங்கால்களால் துடைத்துக்கொண்டே இருந்தது யாருக்கும் தெரியவில்லை. அப்புறம் அது சாப்பாட்டைத் தொடவில்லை. ஒரு காலையில் சில்லு கூட்டைத் திறந்தபோது, கடுகு பக்கவாட்டில் படுத்திருந்தது. தொட்டால் சில்லென்று இருந்தது.

கொல்லையில் குழி தோண்டியது அப்பாதான். வழக்கமாக எதைச் செய்தாலும் சீட்டி அடித்துக்கொண்டே செய்பவர், அன்று சீட்டி அடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் கூட்டில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு மரத்தூளைப் போட்டார்.

"தனியாப் படுக்கணுமே, குளிரும்" என்றார்.

அடுத்த வாரம் மிளகும் தும்மத் தொடங்கியது. இந்தத் தடவை வாண்டுகூடச் சிரிக்கவில்லை.

அம்மா மிளகை ஒரு கூடையில் வைத்துத் துணியால் மூடி எடுத்துக்கொண்டாள். சில்லு கூடவே ஓடினாள். கால்நடை மருத்துவர் கண்ணாடி போட்ட, வேகமாகப் பேசுகிற ஒரு பெண். மிளகின் மூக்கைப் பார்த்தார், முன்னங்கால்களைத் திருப்பிப் பார்த்தார், காதில் குழாயை மாட்டி நெஞ்சில் வைத்து நெடுநேரம் கேட்டார்.

"சளி புடிச்சிருக்கு. நமக்கு வர்ற சளி மாதிரி நினைக்காதீங்க. முயல் வாயால மூச்சு விடாது, மூக்கு அடைச்சா திண்டாடிப் போயிடும். வாசனை தெரியலன்னா சாப்பிடவும் சாப்பிடாது. முயல் ஒரு நாள் பட்டினி கிடந்தாலே ஆபத்து."

"பிழைச்சிடுமா, டாக்டர்?" என்று கேட்டாள் சில்லு.

"இங்கயே சில நாள் இருக்கட்டும்" என்றார் மருத்துவர். அது பதிலே இல்லை என்று சில்லுவுக்குத் தெரிந்தது.

ஆனால் மிளகு தேறியது. ஊசி போட்டார்கள். மருந்தைப் பனிப்புகைபோலத் தருகிற சின்ன எந்திரத்தை வைத்துச் சளியை இளக்கினார்கள். சில்லு பார்க்கப் போனபோது, விரித்திருந்த பழைய துண்டின்மேல் உட்கார்ந்து மிளகு கேரட் இலையைக் கொறித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று வாண்டு தெருமுனைவரை ஓடிப்போய் எதிரில் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டு வந்தான்.

அப்பா புத்தம்புது மரத்தூளைப் பரப்பி வைத்திருந்தார். அன்றுதான் அறுத்தது. பட்டறையே மரவாசனையாக இருந்தது.

நான்கைந்து நாள் போகவில்லை. மறுபடி தும்மல். மறுபடி மூக்கில் வெள்ளையாகச் சளி. மூச்சு விடும்போது கர் கர் என்று சத்தம்.

மருத்துவர் இந்த முறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மருந்து வேலை செய்யுது. ஆனா வீட்டுக்குப் போனதும் திரும்ப வருதே. நெஞ்சுக்குள்ள எறங்கிடுச்சுன்னா என்னால ஒன்னும் செய்ய முடியாதும்மா. மருந்தைத் தவறாம குடுங்க. சாப்பாட்டைக் கரைச்சு ஊட்டுங்க."

ஊசி இல்லாத ஊசிக்குழாய் ஒன்றைக் கொடுத்தார். தீனியை வெந்நீரில் கரைத்து அதில் உறிஞ்சி, வாயின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும்.

சில்லு ஊட்டினாள். பாதி உள்ளே போனது, பாதி வெளியே வழிந்தது. மிளகின் கண்களில் எப்போதும் இருக்கும் துறுதுறுப்பு போய்விட்டது. முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. பள்ளியில் அவள் கரும்பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். காதில் மட்டும் கர் கர் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். வீடு திரும்பும்போது தெரு முனையிலேயே நடையை மெதுவாக்கிக்கொள்வாள். கூட்டைத் திறந்து பார்க்கப் பயமாக இருந்தது.

ஒருநாள் அவள் பையைக்கூடக் கழற்றாமல் அம்மாவின் தையல் எந்திரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"நான் இனிமே ஊட்ட மாட்டேம்மா. எப்படியும் கடுகு மாதிரிதான் ஆகப்போகுது."

அம்மா எந்திரத்தை நிறுத்தினாள்.

"ஆகலாம் கண்ணு. எனக்கும் தெரியல. ஆனா இப்போ அதுக்குப் பசிக்குமே" என்றாள்.

சில்லு அழுதுகொண்டே தீனியைக் கரைத்தாள்.

அன்று மிளகு கூட்டின் கடைசி மூலையில் முடங்கிக் கிடந்தது. கூப்பிட்டால் வரவில்லை. கை எட்டவில்லை. சில்லு தரையில் படுத்து, தலையையும் தோளையும் கூட்டுக்குள் நுழைத்தாள். மரத்தூள் பொசுக்கென்று எழும்பியது. கண் எரிந்தது. ஈரமான தூளிலிருந்து மூத்திர நெடி மூக்கில் ஊசியாகக் குத்தியது. அவளுக்கே அடுக்கடுக்காகத் தும்மல் வந்தது. தலையை வெளியே இழுத்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாத கூடு அது. முயலின் மூக்கு இருக்கிற இடத்தில் மூக்கை வைத்தால்தான் தெரிந்தது.

மருத்துவரிடம் துண்டின்மேல் இருந்தபோது மிளகு தேறியது. வீட்டுக்கு வந்து மரத்தூளில் படுத்ததும் விழுந்தது.

சில்லு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம் துளியும் வரவில்லை. இதை எப்படி அப்பாவிடம் சொல்வது? சொன்னால் அவர் முதலில் யாரை நினைப்பார் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் சொல்லவில்லை. தூளையெல்லாம் ஓசைப்படாமல் வாரி வெளியே கொட்டிவிட்டு, தன் பழைய பாவாடையை விரித்தாள். சாயங்காலம் அப்பா வந்தார்.

"யாரு மெத்தையைக் கலைச்சது? பாவம், வெறும் துணியில படுத்திருக்கு" என்றபடி ஒரு கூடைத் தூளைக் கொட்டினார்.

மறுநாளும் அவள் அள்ளினாள். மறுநாளும் அவர் கொட்டினார்.

"வாண்டு, நீதான செய்யுற?" என்று அவன் காதை வேறு பிடித்துவிட்டார்.

"நான் இல்லப்பா" என்று அவன் அலறினான். மற்ற எல்லாக் குறும்புக்கும் அவன்தான் காரணம் என்பதால் அவனை யாரும் நம்பவில்லை.

அதற்கு அடுத்த நாள் ஊட்டிய தீனி முழுவதும் வெளியே வழிந்தது. மிளகு விழுங்கவே இல்லை. தலையை மேலே தூக்கி, மூச்சுக்குத் தவித்தது.

சில்லு எழுந்து போய் அப்பாவின் முன்னால் நின்றாள். அவர் ஒரு கதவுச் சட்டத்தை இழைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, கூட்டுக்குள்ள கொஞ்சம் தலையை விட்டுப் பாருங்க."

"எதுக்கு பாப்பா?"

"பாருங்கப்பா."

அவர் முட்டிபோட்டுத் தலையை உள்ளே விட்டார். வெகுநேரம் மூச்சை இழுத்தார். "ஒன்னும் இல்லையே. நல்லா மரவாசனைதான் வருது" என்றார்.

அவருக்குத் தெரியாது. எத்தனையோ வருடமாகத் தூசிக்குள்ளேயே வாழ்கிற மூக்கு அது. சில்லுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாயால்தான் சொல்ல வேண்டும்.

"அப்பா, இந்த மரத்தூள்தான் அதுக்கு ஒத்துக்கலன்னு நினைக்கிறேன். தூசியும் நெடியும் மூக்குல ஏறுது. டாக்டர் கிட்ட துண்டுல படுத்திருந்தப்போ நல்லாத்தான இருந்துச்சு. தூளை அள்ளினது வாண்டு இல்ல. நான்தான்."

அப்பா முட்டிபோட்டபடியே இருந்தார். அவர் தலைமுடியெல்லாம் தூள்.

"அப்போ கடுகு?" என்றார்.

அந்தக் கேள்விக்குத்தான் அவள் இத்தனை நாள் பயந்தாள்.

"நானும் தினம் அந்தக் கூட்டைத் தொறந்து மூடினேன்பா. எனக்கும்தான் தெரியல" என்றாள்.

அப்பா கூட்டிலிருந்து மிளகைத் தூக்கினார். ஒரு கை மார்புக்கு அடியில், ஒரு கை பின்னங்கால்களுக்கு அடியில். தன் சட்டையில் படாமல் அதைத் தள்ளிப் பிடித்து, சில்லுவிடம் கொடுத்தார்.

"டாக்டர் கிட்ட போலாம். நீ தூக்கு. என் மேலெல்லாம் தூசி."

சில்லு சொன்னதை மருத்துவர் முழுவதும் கேட்டார். "கூட்டுல என்ன போடுறீங்கன்னு நான் முதல் நாளே கேட்டிருக்கணும்" என்றார். பிறகு அப்பாவைப் பார்த்தார். "தூள் மட்டும் காரணமில்லைங்க. கிருமி முன்னாலயே உள்ள இருந்திருக்கும். நிறைய முயலுக்கு இருக்கும். தூசி அதுக்கு இடம் குடுத்திருக்கும்."

"இப்போ பிழைக்குமா?"

"ரொம்ப தாமதமாத்தான் வந்திருக்கீங்க. பாக்கலாம்."

அப்பா தலையசைத்தார். மிளகை அங்கேயே விட்டுவிட்டு அவரும் சில்லுவும் வீட்டுக்கு வந்தார்கள். மறுநாள் பட்டறையில் ரம்பச் சத்தமே இல்லை. வாண்டு எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "அப்பா சும்மா உக்காந்திருக்காரு" என்று அம்மாவிடம் சொன்னான். அம்மா தேநீர் கொண்டுபோனாள். அது ஆறிப்போய்த் திரும்பி வந்தது.

மருத்துவரிடம் போகும்போதெல்லாம் சில்லு வாசலிலேயே நின்று அவர் முகத்தைப் பார்ப்பாள். "அப்படியேதான் இருக்கு" என்பார். இன்னொரு நாளும் அப்படியேதான் இருந்தது. சில்லு கண்ணாடிக் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு, கறுப்பாக அசையாமல் கிடக்கும் அந்தச் சின்ன உருண்டையைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். வீட்டுக்கு வந்தால் அப்பா கேட்க மாட்டார். அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வார்.

பிறகு ஒருநாள் அவள் பள்ளியிலிருந்து வந்தபோது பட்டறையில் சுத்தியல் சத்தம் கேட்டது. பழைய கூட்டைக் காணவில்லை. அப்பா அதைப் பிரித்துப் போட்டிருந்தார். வீட்டின் முன்னறையில், பட்டறைக் காற்று வராத ஜன்னல் ஓரத்தில், புதுக் கூடு ஒன்று நின்றது. மூன்று பக்கமும் காற்றோட்டம். அடியில் இழுத்துக் கழுவிக்கொள்கிற மாதிரி ஒரு தட்டு. அதில் அம்மா தைத்துப்போட்ட துணி விரிப்பு, ஒரு மூலையில் காய்ந்த புல்.

"வருதோ வரலையோ, செஞ்சு வெச்சிருக்கேன்" என்றார் அப்பா.

மிளகு வந்தது. எலும்பும் தோலுமாக, நடந்தால் தள்ளாடிக்கொண்டு வந்தது. மருத்துவர் எதையும் மறைக்கவில்லை. "இது முழுசா போற நோய் இல்லம்மா. அப்பப்போ தும்மும். சில நாள் மூக்கு ஒழுகும். பாத்துக்கணும்."

பார்த்துக்கொண்டார்கள். சில்லு தினமும் தட்டைக் கழுவினாள். வாண்டு விரிப்பை மாற்றினான். காதைப் பிடித்து முறுக்கியதற்கு அப்பா அவனிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. அதற்காக அவன் அடுத்த குறும்பைத் தள்ளிப்போடவில்லை என்பது வேறு விஷயம். மிளகு ஊசிக்குழாயில் குடித்தது, பிறகு குழாயைத் தள்ளிவிட்டுத் தானே கிண்ணத்தில் வாய் வைத்தது. தும்மல் குறைந்தது. நிற்கவில்லை. குறைந்தது.

அப்பா மட்டும் கூட்டுக்கு அருகில் வருவதே இல்லை. வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

ஒரு சாயங்காலம் அவர் குழாயடியில் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினார். தலையை நனைத்துத் துவட்டினார். துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நிலைப்படியில் நின்றார்.

"சில்லு, நான் உள்ள வரலாமா?"

"வாங்கப்பா."

அவர் தரையில் உட்கார்ந்து, ஒரு கொத்து மல்லித்தழையை நீட்டினார். மிளகு மூக்கை அசைத்தது. ஒருமுறை தும்மியது. அப்பாவின் கை சட்டென்று பின்வாங்கியது.

ஆனால் மிளகு தத்தித் தத்தி வந்து, அவர் மடியில் முன்னங்கால்களை ஊன்றி நிமிர்ந்து, அவர் கையிலிருந்த மல்லித்தழையைக் காம்புகூட மிச்சம் வைக்காமல் தின்று தீர்த்தது.