ஆறாவது பதில்

காக்ஸ் டவுனில் அந்த நர்சிங் ஹோம் ஒரு பழைய பங்களா. கணினிகளைச் சரிபார்க்கச் சங்கமித்ரா போய்ச் சேர்ந்தபோது மதியம் இரண்டே கால். வானம் இருட்டிக்கொண்டு நின்றது. மழை வரவில்லை.

ரிசப்ஷனில் இருந்த குளோரியா கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள்.

"மூணாவது ஆளு நீ. முன்ன வந்தவங்க ரெண்டு பேரும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டு காப்பி குடிச்சிட்டுப் போனாங்க. உனக்கு காப்பியா, டீயா?"

"சரி பண்ணிட்டு குடிக்கிறேன் ஆன்ட்டி."

பதினேழு நாளாக ஒரே புகார். தினமும் மூன்று பத்துக்கு எல்லாக் கணினிகளும் உறைந்துவிடும். எந்தப் படுக்கைக்கு எந்த ஊசி என்று தெரியாமல் நர்ஸுகள் நிற்பார்கள். இன்றும் உறைந்தால் ஒப்பந்தம் போகும், உன் வேலையும் போகும் என்று அவள் கம்பெனி மேனேஜர் காலையில் சொல்லியிருந்தான்.

செர்வர் ஸ்டோர் ரூமில் இருந்தது. ஜன்னல் இல்லாத அறை. பினாயில் வாடைக்கு அடியில் ஈரக் கல்லின் வாடை.

பதிவுகளைத் திறந்தாள். செர்வர் நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கணினியையும் கேட்கும்: இருக்கிறாயா? கணினி சொல்லும்: இருக்கிறேன்.

கட்டடத்தில் ஐந்து கணினிகள்.

ஆறு பதில்கள் வந்துகொண்டிருந்தன.

ஆறாவதின் பெயர் லேப். அதில் லாக்-இன் செய்து உள்ளே இருப்பவர் பீட்டர். நேற்று மூன்று பத்துக்கு லேப் பதில் சொல்லவில்லை. செர்வர் அதற்காகக் காத்திருந்தது. மற்ற ஐந்தும் உறைந்தன. முந்தின நாளும் அப்படியே. ஆஃப் செய்து ஆன் செய்தபோதெல்லாம் முதலில் பதில் சொன்னது லேப்தான்.

வெளியே வந்தாள்.

"ஆன்ட்டி, லேப் சிஸ்டம் எங்க இருக்கு?"

"அத குஜிரிக் கடையில எடைக்குப் போட்டாச்சே. லேப்பையே மூடிட்டாங்க."

"பீட்டர்னு ஒருத்தர்?"

குளோரியா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"தங்கவயல்காரரு. மைன்ஸ் மூடினதும் இங்க வந்தாரு. அவரு தவறிப் பதினெட்டு நாளாச்சு. சேர்ல உக்காந்த மாதிரியே இருந்தாரு. நான்தான் டீ கொண்டுட்டுப் போனேன்."

"எத்தன மணிக்கு?"

குளோரியா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மறுபடி சிலுவை போட்டுக்கொண்டாள்.

சங்கமித்ரா திரும்பி ஸ்டோர் ரூமுக்கு வந்தாள். அவள் ஊரும் தங்கவயல்தான்; அப்பாவும் சுரங்கத்தில் இருந்தவர். இறங்குகிறவன் எண் போட்ட பித்தளை டோக்கனை எடுத்துக்கொண்டு இறங்குவான். ஏறியதும் பலகையில் மாட்டுவான். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே. கீழே இருப்பவன் டோக்கனை இன்னொருவன் மாட்டக்கூடாது என்பார் அப்பா. மாட்டினால், மாட்டியவன் அவனுக்குப் பதிலாகக் கீழே போய் நிற்க வேண்டும்.

பீட்டர் லாக்-அவுட் செய்யவில்லை.

மணி மூன்று நான்கு. நீக்கு என்று கட்டளை கொடுத்தாள். உள்ளே ஆள் இருக்கிறார், நீக்க முடியாது என்றது திரை.

லேப் என்று எழுதிய கேபிளைச் செர்வருக்குப் பின்னால் தேடினாள். அது பாதியில் வெட்டப்பட்டுத் தொங்கியது. அது செருகியிருந்த துளை காலி. துளைக்கு மேல் பச்சை விளக்கு நிமிடத்துக்கு ஒருமுறை மினுக்கியது.

மூன்று எட்டு.

ஒரே வழி இருந்தது. பீட்டரின் இடத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, பிறகு தான் வெளியேறுவது. விரல் பொத்தான்மேல் நின்றது.

முதுகுக்குப் பின்னால் நாற்காலி நகரும் ஓசை.

அறையில் நாற்காலி இல்லை.

அழுத்தினாள். பீட்டர் மறைந்து சங்கமித்ரா என்று வந்தது. உடனே லாக்-அவுட் செய்தாள். பச்சை விளக்கு அணைந்தது.

மூன்று பத்து.

மூன்று பதினொன்று.

"ஓடுதுமா!" வெளியே குளோரியா கத்தினாள். "ஏசப்பா, எல்லாம் ஓடுது!"

சங்கமித்ரா டீ குடிக்க நிற்கவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் செல்போன் அடித்தது. குளோரியா.

"எங்கமா இருக்க?"

"பஸ்ல ஆன்ட்டி. ஏன், மறுபடி நின்னுடுச்சா?"

"இல்லல்ல, நல்லா ஓடுது. ஆனா லேப்னு ஒண்ணு காட்டுது. அதுல உன் பேரு இருக்கு. லாக்-அவுட் பண்ணலியா நீ?"

"பண்ணேனே."

"நிமிஷத்துக்கு ஒரு தடவ பதில் வருதுமா."

லைனில் இரைச்சல். அதற்குள் யாரோ மூச்சு விடுவதுபோல் இருந்தது. துண்டித்தாள். உள்ளங்கை ஈரமாக இருந்தது. முகர்ந்தாள். ஈரக் கல்.

கண்டக்டர் பக்கத்தில் வந்து, எங்கே போக வேண்டும் என்று கன்னடத்தில் கேட்டார்.

"எல்லிகே மேடம்?"

கண்டோன்மென்ட் ஸ்டேஷன் என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"இருக்கேன்," என்றது வாய்.

அவர் முறைத்தார். "ஏனு?"

அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நொடி முள் சுற்றி வந்தது. பன்னிரண்டைத் தொட்டது.

விரல்களுக்குள் உதடுகள் அசைந்தன.