உள்ளே பூத்த மரம்

ரயிலடியிலிருந்து தாவரத் தோட்டத்துக்கு நடந்தே போய்விடலாம் என்று பெத்ரானா சொன்னதை நம்பிப் புறப்பட்டது தப்பாகிவிட்டது. கடற்காற்று முகத்தில் அறைந்தது. மார்ச் முடியப் போகிறது. வழியில் ஒரு மரமும் மொட்டு விட்டிருக்கவில்லை.

“இன்னும் எவ்வளவு தூரம்டி?” என்றாள் நெதெல்கா.

“இந்தத் திருப்பம்தான் அண்ணி.”

“மூணு திருப்பமா இதையேதான் சொல்ற.”

“எங்கண்ணன் மட்டும் என்னவாம்? நடு ஆத்துல நின்னுக்கிட்டு கரை வந்தாச்சும்பாரே.”

நெதெல்கா சிரித்தாள். சிரித்தபடியே இடது மணிக்கட்டைக் கோட்டின் கைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அங்கே ஒரு மார்த்தெனிட்சா இருந்தது. வசந்தத்தை வரவேற்க மார்ச்சில் கையில் கட்டுவது, சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல். போன வருடம் மார்ச் முதல் நாள் அவள் கணவன் ஸ்தோயில் கட்டிவிட்டது. பூத்த மரத்தையோ நாரையையோ கண்டதும் அதைக் கழற்றிக் கிளையில் கட்டிவிட வேண்டும். மரங்கள் பூப்பதற்குள் ஸ்தோயில் போய்விட்டான். தன்யூப் ஆற்றில் அவன் வேலை பார்த்த இழுவைப் படகில், இயந்திர அறைக்குள் புகை சூழ்ந்தபோது கதவு இறுகிக்கொண்டது. உள்ளிருந்து தட்டியிருக்கிறான். மூன்று தட்டு, சற்று விட்டு இன்னொன்று. மேலே இருந்தவர்கள் இயந்திரச் சத்தம் என்று நினைத்துவிட்டார்கள்.

நூலைக் கழற்ற அவளுக்கு மனம் வரவில்லை. அன்றிலிருந்து வீட்டில் ஏதாவதொரு கதவுக்குப் பின்னால் அந்தத் தட்டல் கேட்டுக்கொண்டிருந்தது. குளியலறையில், துணி அலமாரியில். இந்த வருடமாவது நூலை ஒரு மரத்திடம் கொடுத்து அவனைப் போகவிட வேண்டும், தானும் தூங்க வேண்டும். கடலோரத்தில் முன்னதாகவே பூக்கும் என்று நாத்தனார் சொன்னதால்தான் இந்தப் பயணம்.

சீட்டுக் கொடுக்கும் பெண் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள்.

“பூத்த மரமா? இந்தக் குளிருக்கு வெளியில ஒண்ணும் கண்ணு தொறக்கல. கண்ணாடி வீட்டுக்குள்ள ஒண்ணு பூத்திருக்கு. அதுல நூலு கீலு கட்டிடாதீங்கம்மா. கணக்குல சேராது.”

“பூ பூதானே?”

“அது வசந்தத்துல பூத்ததில்ல. எங்க நீராவிக் குழாயில பூத்தது.” அவள் தோலைத் துப்பினாள்.

பெத்ரானா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காலணியைக் கழற்றினாள். “நீங்க போயிட்டு வாங்க அண்ணி. என் கால் இங்கயே வேர் விட்டிருச்சு.”

கண்ணாடி வீட்டுக்குள் காற்று வெந்நீர்த் துணிபோல முகத்தில் ஒட்டியது. ஈர மண் வாசனை. அகன்ற இலைகளின் நுனியிலிருந்து நீர் சொட்டியது. கோடியில், ஒரு சின்ன இரும்புக் கதவை ஒட்டி, அந்த மரம் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்து நின்றது.

ஸ்தோயில் போட்டது படகுக்காரன் முடிச்சு. பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது. கிளையில் கட்டினாள். மணிக்கட்டு வெறுமையாக, லேசாக இருந்தது.

“போயிட்டு வா,” என்று முணுமுணுத்தாள்.

சொட்டும் ஓசை நின்றது.

வாசலுக்கு வந்து கைப்பிடியைத் திருப்பினாள். அசையவில்லை. தோளால் மோதினாள். கண்ணாடிக்கு அப்பால், கூப்பிடு தூரத்தில், பெத்ரானா தன் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“பெத்ரானா!”

அவள் தலை நிமிரவில்லை. நெதெல்கா முஷ்டியால் தட்டினாள். பெத்ரானா ஒரு முறை திரும்பி, கூரைக் குழாய்களைப் பார்த்துவிட்டு, மறுபடி குனிந்துகொண்டாள்.

குழாய்ச் சத்தம் என்று நினைத்துவிட்டாள்.

அப்போது ஈர மண் வாசனைக்குள் டீசல் நாறியது. பிறகு புகை.

பின்னால், இரும்புக் கதவின் உள்ளிருந்து, தட்டல் கேட்டது.

மூன்று.

ஒன்று.

கண்ணாடிகள் ஒவ்வொன்றாக வெளுத்தன. பெத்ரானா மங்கினாள், மறைந்தாள். நெதெல்காவுக்கு மூச்சு இழுத்தது. வசந்தம் நுழையாத இடத்தில் அவனைக் கட்டிவிட்டாள். இங்கிருந்து எங்கே போவான்? இன்னொரு கதவுக்குப் பின்னால் அவனைப் பூட்டியிருக்கிறாள். இந்தத் தடவை அவளும் உள்ளே.

மரத்திடம் தவழ்ந்து போனாள். நூல் இருந்தது. முடிச்சு அவள் போட்டதல்ல. படகுக்காரன் முடிச்சு, நனைந்து இறுகியிருந்தது. நகம் பிய்ந்தது, அவிழவில்லை.

இரும்புக் கதவில் நெற்றியை வைத்தாள். அது சுட்டது.

“ஸ்தோயில்,” என்றாள் மெல்ல. “உன்ன இங்க விட்டுட்டுப் போக மாட்டேன். வா. வீட்டுக்குப் போலாம்.”

தட்டல் நின்றது.

வாசல் கதவு தானாகத் திறந்தது. குளிர் உள்ளே வந்தது.

“என்ன அண்ணி, இப்படி வேர்த்திருக்கு?” பெத்ரானா அவள் இடது மணிக்கட்டைப் பார்த்தாள். குரல் இறங்கியது. “கட்டிட்டீங்களா? நல்லது. அண்ணன் இனிமே நிம்மதியா இருக்கட்டும்.”

நெதெல்கா தலையசைத்தாள். வலது கையைக் கோட்டுப் பையிலிருந்து வெளியே எடுக்கவேயில்லை. அந்த மணிக்கட்டில் ஏதோ ஈரமாய், இறுக்கமாய் இருந்தது.

ஏப்ரலில் ஊருக்கு நாரைகள் வந்தன. தெருவே வெளியே வந்து அண்ணாந்து பார்த்தது. பெத்ரானா கீழிருந்து கூப்பிட்டாள்.

“அண்ணி, சீக்கிரம் வாங்க. நம்ம கூரைக்கு மேலயே சுத்துது.”

பார்த்துவிட்டால் வலது கை நூலைக் கழற்ற வேண்டும். நெதெல்கா எழுந்து ஜன்னல் திரையை இழுத்து மூடினாள்.

துணி அலமாரிக்குள்ளிருந்து, திருப்தியாக, ஒரே ஒரு தட்டு கேட்டது.