வளைவில் இறங்காதீர்கள்

பாதையின் நடுவே ஒரு மனிதன் குப்புறப் படுத்திருப்பான் என்று யார்தான் எதிர்பார்ப்பார்கள்...

அவள் இரண்டு பிரேக்கையும் ஒன்றாகப் பிடித்தாள். பின்சக்கரம் சரளையில் வழுக்க, சைக்கிள் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். ஓரத்து உப்புச்செடிகள் மெத்தை போலத் தாங்கிக்கொண்டன. எழுந்திருக்கக் காலை ஊன்றப் போனபோது அந்த மனிதன் படுத்தபடியே கையை நீட்டித் தடுத்தான்.

“காலை வைக்காதீங்க.”

அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. காலைப் பார்த்துச் சொன்னான்.

“விழுந்தவளை அடிபட்டுச்சான்னு கேக்க மாட்டீங்களா?”

“கேக்கத்தான் போறேன். முதல்ல அந்தக் கால்...”

அவன் விரல் காட்டிய இடத்தைப் பார்த்தாள். வெறும் சரளை. இன்னும் குனிந்தாள். அப்போதுதான் அங்கே மூன்று கற்கள் மட்டும் மற்ற கற்களைப் போல நடிப்பது தெரிந்தது. மணல் நிறம், மேலே மை தெளித்தது போலப் புள்ளிகள்... முட்டைகள்.

நிமிர்ந்தபோது அவன் முகம் மிக அருகில் இருந்தது. எப்போதும் தூரத்தையே பார்த்துப் பழகிய கண்கள். பக்கத்தில் வந்துவிட்ட ஒன்றை எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் தடுமாறின.

“அடிபட்டுச்சா?” என்று இப்போது கேட்டான்.

“ரொம்ப சீக்கிரம் கேட்டுட்டீங்க.”

காயலைச் சுற்றிப் போகும் அந்தச் சரளைப் பாதையில் கார்களுக்கு அனுமதி கிடையாது. இருபுறமும் தண்ணீர், நாணல், நாரைகள்... டயருக்கு அடியில் சரளை அரைபடும் மெல்லிய ஓசை தவிர வேறு சத்தமே இருக்காது. அந்தப் பறவைகள் சரணாலயத்தின் வாசலில் அவளுடைய அண்ணன் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தான். பழுது பார்ப்பது அவள் வேலை. சரிசெய்த சைக்கிளைத் தானே ஒரு சுற்று ஓட்டிப் பார்க்காமல் யாருக்கும் கொடுக்கமாட்டாள் என்பதால், அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் பிரேக்கம்மா. அந்தப் பிரேக்கம்மாதான் இன்று விழுந்து கிடந்தாள்.

படுத்திருந்தவன் பாதைக்காரன். பள்ளம் நிரப்புவதும், மழை அரித்த ஓரத்தைக் கட்டுவதும் அவன் பொறுப்பு. தப்பு தன்னுடையதுதான் என்று அவனே சொன்னான். முன்பு இந்த வளைவில் கூர்க்கற்கள் கிடந்தன. சைக்கிள் கடையிலிருந்து யாரோ அலுவலகத்துக்கு வந்து காரசாரமாகப் புகார் சொன்னார்களாம். அதனால் சிப்பித்தூள் கலந்த பொடிச்சரளையைச் சலித்துச் சலித்து அவனே கொட்டினான். அவ்வளவு அழகாக அமைந்துவிட்டது... உப்புக்கொத்திப் பறவை அதைக் கடற்கரை என்றே நம்பி முட்டையிட்டுவிட்டது.

“காரசாரமா பேசினது யாருன்னு தெரியுமா?” என்றாள்.

“தெரியாது. வாய் கொஞ்சம் நீளம்னு சொன்னாங்க.”

“நான்தான்.”

அவன் அவசரமாகச் சரளையைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

குஞ்சு பொரியும் வரை பாதையை மூடவேண்டும் என்பது அவன் எண்ணம். அண்ணனோ கொதித்துப்போனான். விடுமுறைக் காலம் இப்போதுதான் தொடங்கியிருந்தது. மூன்று முட்டைக்காகக் கடையையே பூட்டுவதா என்று கேட்டான். இருவருக்கும் நடுவே புகுந்து வழி சொன்னவள் அவள்தான். வளைவு வந்ததும் எல்லோரும் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, சத்தம் போடாமல் ஓரமாக நடந்து போகட்டும்... பாதைக்காரன் காயலைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். “சரி” என்றான். யோசிக்காமல் சொன்னது போல இருந்தது.

மறுநாளிலிருந்து வளைவில் ‘இறங்கித் தள்ளவும்’ என்ற பலகையோடு அவளும் நின்றாள். கூட்டம் குறைந்த நேரங்களில் தள்ளி உட்கார்ந்து அவன் மெல்லப் பேசுவான். பகலில் பெண்பறவை அடைகாக்கும், இரவில் ஆண் வந்து உட்காரும் என்பான். வீட்டில் குறட்டை விடும் ஆண்களுக்கு இதைச் சொல்லவேண்டும் என்பாள் அவள். வெயில் ஏறினால் அந்தக் கைப்பிடியளவு உயிர் காயலில் நெஞ்சை நனைத்துக்கொண்டு ஓடிவந்து முட்டைகளைக் குளிர்விக்குமாம்... கடையில் சக்கரக் கம்பியை முறுக்கும்போதெல்லாம் அவளுக்கு அந்த நனைந்த நெஞ்சு நினைவுக்கு வந்தது. கூடவே அதைச் சொன்ன குரலும்.

ஆனால் பறவை நிம்மதியாக இல்லை. ஒவ்வொரு கூட்டம் இறங்கித் தள்ளும்போதும் முட்டைகளை விட்டு ஓடியது. இறக்கை முறிந்ததைப் போல இழுத்து இழுத்து நடித்து, எல்லோரையும் தன் பின்னால் வரச் சொல்லியது. பார்த்தவர்கள் பரிதாபப்பட்டு இன்னும் கொஞ்ச நேரம் நின்றார்கள். முட்டைகள் வெயிலில் கிடந்தன.

ஒரு மதியம் அவன் வேறெங்கோ பார்த்தபடி சொன்னான். “இது சரிவரல. பாதையை மூடச் சொல்லி ஆபீஸ்ல கேக்கப் போறேன்.”

தன் யோசனை தோற்றுப்போனது என்று அவன் சொல்லிக்காட்டுவதாக அவளுக்குப் பட்டது. அண்ணனின் கோபமும் சேர்ந்துகொண்டது. வாய் முந்திவிட்டது.

“உங்க சரளையாலதான் இவ்வளவும். பழி மட்டும் எங்க தலையிலயா?”

அவன் சல்லடையை எடுத்துக்கொண்டு நடந்தான். அவன் காலடியில் சரளை நொறுங்கும் ஓசை வெகுதூரம் வரை கேட்டுக்கொண்டே இருந்தது...

அதன்பிறகு அவள் வளைவுக்குப் போகவில்லை. நான் ஏன் போகணும், அவர் வந்து கூப்பிடட்டுமே... என்று செயினுக்கு எண்ணெய் விட்டாள். எண்ணெய் வழிந்து தரையெல்லாம் ஆனது. அண்ணன் பார்த்துவிட்டுச் சாக்கை எடுத்துப் போட்டான். பாதைக்காரன் நாளைக்கு அலுவலகத்துக்குப் போகிறானாம் என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் காலையிலேயே தூறியது. பாதையின் மறுகோடியில் யாருக்கோ செயின் அறுந்துவிட்டது என்று போன் வந்தது. கருவிப்பையோடு கிளம்பினாள். காயல் முழுவதும் சின்னச்சின்ன வட்டங்கள். ஒன்று விரிவதற்குள் அடுத்தது அதைத் தொட்டது... நான் அப்படிப் பேசியிருக்கக்கூடாது. ஆனால் அவரும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருக்கலாம். எப்படி அப்படிப் பேசாமல் போக முடிந்தது...

வளைவைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது. இறங்க மறந்துவிட்டாள்.

பதறிப்போய்த் திரும்பிப் பார்த்தாள். பறவை உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

நம்ப முடியவில்லை. நிற்காமல் வளைத்துத் திரும்பி, மீண்டும் அதைக் கடந்தாள். தலையை மட்டும் சற்றுத் திருப்பியது, அவ்வளவுதான். அடுத்து இறங்கி, தள்ளிக்கொண்டு இரண்டு எட்டு வைத்தாள். உடனே எழுந்து ஓடியது. அதே முறிந்த இறக்கை நாடகம். அவள் அவசரமாக விலகிப்போய்த் தள்ளி நின்றாள். அது தயங்கித் தயங்கித் திரும்பி வந்து அமர்ந்தது.

உருண்டு போவதைக் கண்டு அதற்குப் பயமே இல்லை... நடந்து வரும் கால்களைக் கண்டுதான் பயம். நின்று பார்ப்பவர்களைக் கண்டுதான் பயம். ஒவ்வொருவரையும் கெஞ்சி இறங்க வைத்தவள் அவள்தானே.

செயினைப் பூட்டிக் கொடுத்துவிட்டு நேராக அவனுடைய கருவி அறைக்குப் போனாள். வழியெல்லாம் ஒரே பயம். பாதை திறந்திருந்தால் லாபம் அண்ணனுக்கு. கடைக்காகப் பேசுகிறாள் என்று அவன் நினைத்துவிட்டால்...

அவன் மழைக்கோட்டு அணிந்து கிளம்பிக்கொண்டிருந்தான். அவள் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். தன் யோசனைதான் தப்பு என்பதையும், அன்று பேசியது அதைவிடப் பெரிய தப்பு என்பதையும் சொன்னாள்.

“கடைக்காக சொல்றேன்னு நினைச்சாலும் பரவாயில்ல. ஒரே ஒரு தடவை நீங்களே ஓட்டிப் பாருங்க. அப்புறம் மூடுங்க.”

அவன் மழைக்கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றான்.

“எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். “சைக்கிள் பாதை போடறவருக்கா?”

“இதுவரைக்கும் யாரும் கேக்கலையே...”

தினமும் நடந்தே வந்தவன். நடப்பவர்களைக் கண்டு ஓடும் பறவையை மட்டும்தான் அவனுக்குத் தெரியும்.

கேரியரில் உட்காரச் சொன்னாள். நீளக் கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் மடக்கினான், நீட்டினான், கடைசியில் தூக்கிப் பிடித்துக்கொண்டான். வண்டி இரண்டு முறை தள்ளாடி நேரானது. தூறல் முகத்தில் அடித்தது. வளைவு வந்தது. அவள் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. மூச்சை மட்டும் பிடித்துக்கொண்டாள். பின்னால் அவனும் மூச்சுவிடவில்லை.

“எழுந்திருக்கல...” என்று பிறகு மிக மெதுவாகச் சொன்னான்.

மூன்று முட்டைகளும் பொரிந்தன என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். குஞ்சுகள் தண்ணீருக்கு ஓடும்வரை அண்ணனே வாசலில் நின்று, யாரும் வளைவில் இறங்கக்கூடாது என்று ஒவ்வொருவரையும் மிரட்டி அனுப்பினான். இனி மிச்சமிருப்பது இந்த இருவரின் கதை மட்டும்தான்.

“நிறுத்தட்டுமா?” என்று கேட்டாள்.

“வேண்டாம். நிறுத்தினா சொல்ல வராது.” கேரியரை இறுகப் பிடித்துக்கொண்டான். “அன்னைக்கு நீங்க யோசனை சொன்னப்பவே அது சரியா வருமான்னு எனக்கு சந்தேகம்தான். ஆனா அப்படி செஞ்சா நீங்க தினமும் வளைவுக்கு வருவீங்கன்னு தோணுச்சு. அதான் சரின்னுட்டேன்... என் ஆசைக்கு அந்தப் பறவை வெயில்ல ஓடிச்சு. அந்தக் கோபம்தான். உங்க மேல இல்ல.”

பெடலை மிதித்துக்கொண்டே இருந்தாள். தன் முகம் அவனுக்குத் தெரியாமல் இருப்பது எவ்வளவு நல்லது என்று நினைத்தாள். அதே நேரம், அவன் முகத்தைப் பார்க்கவேண்டும் போலவும் இருந்தது.

“இப்ப பலகையை எடுத்துடுவீங்க,” என்றாள். “எனக்கு அங்க வேலை இருக்காது.”

“ஆமா...”

“வேலை இல்லாமலும் வரலாம்ல?”

பின்னால் அவன் துள்ளி நிமிர்ந்தான். சைக்கிள் திடீரென்று ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

“எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு,” என்றாள். “ஆடாம உக்காருங்க... ரெண்டு பேரும் விழுந்துடுவோம்.”