நாலாவது சிவப்பு

பூலோகத்துக்கு எழுத்துத் தெரியாது. சிவப்பு தெரியும். தாராவியில் தோல் பதனிடும் ஷாப்பில் உப்பிலும் சுண்ணாம்பிலும் வெந்துபோன கையால் மகளின் ரிப்போர்ட்டைப் பிரித்து, சிவப்பு மை எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணுவான். எத்தனை சிவப்போ அத்தனை அடி. அந்த வீட்டில் பிள்ளையின் படிப்பைக் கவனிப்பது என்றால் அதுதான்.

அறுபத்தைந்தாம் வருஷம் அந்தக் காலையில், அவன் பெண்டாட்டி ஆறுமுகத்தாய் குழாயடியிலிருந்து குடத்தோடு நுழையும்போது அவன் எண்ணி முடித்துக் கைநாட்டும் வைத்திருந்தான்.

"நாலு. போன தடவையும் நாலு. ஏட்டி, நான் நாத்தத்துல கெடந்து சாவுதது எதுக்கு? நீயும் அந்தச் சுண்ணாம்புத் தொட்டியில வந்து நிக்கதுக்கா?"

பதினோரு வயது சண்முகவடிவு கன்னத்தில் விழுந்த முதல் அறையில் சுவரோடு போய் மோதினாள். அடுத்த அறைக்குக் கை ஓங்கும்போது ஆறுமுகத்தாய் குடத்தைப் போட்டுவிட்டுக் குறுக்கே விழுந்தாள். அது அவள் வாயில் விழுந்து உதடு கிழிந்தது. மூன்றாவதில் கண்ணாடி வளையல் நொறுங்கி மணிக்கட்டில் ஏறியது.

"இன்னும் ஒண்ணு இருக்குல்லா... அதையும் எனக்கே தாங்க," என்றாள்.

கொடுத்தான், பாவி.

பூலோகத்தின் அக்கா மீனாட்சியம்மாள், தாலியறுத்து வந்து பத்து வருஷமாகத் தம்பி வீட்டில் இருப்பவள், அரிசி புடைப்பதை நிறுத்தவேயில்லை. "எல்லாம் இவ குடுக்க செல்லம். கூப்பிட்டாத் திரும்பிப் பாக்க மாட்டேங்கா, அம்புட்டுத் திமிரு. பள்ளிக்கூடத்த நிறுத்துல தம்பி. ஊருக்கு அனுப்பி எவனுக்காவது கட்டி வைப்போம்."

"இன்னையோட நின்னாச்சு," என்றான் பூலோகம்.

பன்னிரண்டு வருஷம் வாங்கிய அடிக்கெல்லாம் ஒரு வார்த்தை பேசாதவள் ஆறுமுகத்தாய். அன்றைக்கு ரிப்போர்ட்டை எடுத்து இடுப்பில் செருகி, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

"எங்கட்டி போற?"

"வாத்தியாருட்ட. பிள்ள என்ன செஞ்சான்னு தெரிஞ்சுக்கிட்டு நிறுத்துங்க."

முனிசிபாலிட்டித் தமிழ்ப் பள்ளிக்கூடத்து வாசலை அவள் அதுவரை மிதித்ததில்லை. ஐந்தாம் வகுப்பு வாத்தியார் ஞானதுரை வகுப்பு வாசலிலேயே நின்று ரிப்போர்ட்டைப் பார்த்தார், அவள் உதட்டைப் பார்த்தார். "மூணு பரீட்சையா எழுதி அனுப்புதேன். இப்பத்தான் வழி தெரிஞ்சுதாம்மா?" என்று எரிந்து விழுந்தார்.

அவள் பதில் சொல்வதற்குள் பின்னாலேயே ஓடிவந்த பூலோகம் அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தான். வகுப்புப் பிள்ளைகள் அலறின. வாத்தியார் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"விடும்யா."

"நாலு பாடத்துல பெயிலான கழுதைக்கு இவ துணை, மாஸ்டர்."

"நாலா? மூணுதானய்யா பெயிலு."

"நாலு சிவப்பு இருக்கு. நான் எண்ணுனேன்."

வாத்தியார் ரிப்போர்ட்டை அவன் முகத்துக்கு நேரே பிடித்து, கடைசி வரியைப் படித்தார். "'இடது காது கேட்கவில்லை. பெற்றோர் உடனே நேரில் வரவும்.' இது மார்க்கு இல்லய்யா. நான் எழுதுன எழுத்து. கீழ இருக்கது உம்ம கைநாட்டு. மூணு தடவையும் கைநாட்டு வந்துச்சு, ஆளு வரல. சொல்லுறது காதுல விழாத பிள்ளைக்குப் பாடம் எப்படி ஏறும்?"

பெற்றவனைக் கூப்பிட்டு அனுப்பிய எழுத்துக்கும் சேர்த்துத்தான் அவன் அடித்திருக்கிறான். ஒவ்வொரு தடவையும் ஒரு அடி கூடுதல்.

"நீ வாசிப்பியேட்டி. ஏன் சொல்லல?" ஆறுமுகத்தாய் மகளின் தோளைப் பிடித்தாள்.

"செவிடுன்னு தெரிஞ்சா நிறுத்திருவாகள்லா... அதுக்கு ஒரு அடி கூட வாங்கிக்கிடலாம்னு..."

ஆறுமுகத்தாய் புருஷனைப் பார்த்துத் திரும்பினாள். "எந்தக் கையால அடிப்பீக? வலது கைதான? எதிர நிக்க பிள்ளைக்கு அது எந்தக் காதுல விழும்? எண்ணிப் பாருங்க. எண்ணத்தான் தெரியும்லா உங்களுக்கு."

பூலோகம் தன் கையைப் பார்த்தான். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துக்கே டாக்டர் வருவார், காசு வேண்டாம், தகப்பன் சம்மதித்தால் ஆஸ்பத்திரிக்கும் அவரே சீட்டுக் கொடுப்பார் என்று சொல்லி, வாத்தியார் ஒரு தாளையும் மைப்பெட்டியையும் நீட்டினார். பூலோகம் இடது கைப் பெருவிரலைக் கொண்டுபோனான்.

"அந்தக் கை வேண்டாம்," என்றாள் ஆறுமுகத்தாய். "அடிச்ச கையால வையுங்க."

வைத்தான். பிறகு மகளுக்குப் பின்னால், இடப்பக்கமாகப் போய், "வடிவு," என்றான். அவள் திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டான். திரும்பவில்லை. வலப்பக்கமாகச் சுற்றி வந்து கூப்பிட்டான்.

கேட்டது. திரும்பியவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

அந்த இடத்திலேயே பூலோகம் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். ஆறுமுகத்தாய் அவனைத் தேற்றப் போகவில்லை. மகளின் கைகளை மெல்ல விலக்கி, அவளைக் கூட்டிப்போய் வாத்தியாரின் மேசைப் பக்கம் வலது காது இருக்கும்படி முதல் பெஞ்சில் உட்காரவைத்தாள். வெளியே வந்தவள் முந்தானையால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"எந்திரிங்க. வீட்டுக்குப் போயி உங்க அக்காட்டச் சொல்லுங்க, என் பிள்ளைக்குத் திமிரு இல்லன்னு."